லொத்தர் காசில் வந்த புரியாணி

ஐயா வணக்கம்,

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தினமும் காலையில் நடந்துவிட்டு வரும்போது கொட்டாஞ்சேனைச் சந்தியில் மூன்று லொத்தர் சீட்டு எடுப்பார். ஒன்று 40 ரூபா. போன மாதம் ஒரு லட்சம் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் புரியாணி கொடுத்தார். பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா மட்டும் "குறை நினைக்க வேணாம்" என்று திருப்பித் தந்துவிட்டார். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. மிச்சக் காசைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தால்தான் பாவம் போகும் என்கிறார் அம்மா. "அரசாங்கமே நடத்துது, லாபம் நாட்டு நலனுக்குப் போகுது, இதில என்ன பாவம்?" என்று கேட்கிறார் அப்பா. இதற்கிடையில் பழைய மாணவர் சங்கம் கட்டட நிதிக்கென்று என்னிடம் ஒரு ரெஃபிள் (குலுக்கல் சீட்டு) புத்தகத்தைத் தந்திருக்கிறது. விற்பதா, வேண்டாமா?

பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

நானாவிடமிருந்தே தொடங்கலாம். அப்பாவின் கேள்விக்கு நேரடியான பதில் நானாவின் மார்க்கத்தில்தான் இருக்கிறது. இஸ்லாத்துக்கு முந்திய அரபு மண்ணில் மைசிர் என்றொரு ஆட்டம் இருந்தது. ஒட்டகத்தை அறுத்துக் கூறு போடுவார்கள். அம்புகளை உருவி யாருக்கு எந்தக் கூறு என்று முடிவாகும். வெற்று அம்பு வந்தவர்கள் தலையில் ஒட்டகத்தின் விலை. வென்றவர்கள் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நம்முடைய நலநிதி லொத்தரேதான்! குர்ஆன் அந்த நன்மையை மறுக்கவும் இல்லை. மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் பயனைவிடப் பாவமே பெரிது என்கிறது இரண்டாம் அத்தியாயத்தின் 219ஆம் வசனம். முழுத் தடை ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. அங்கே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அது மனிதருக்குள் பகையை மூட்டும் என்பது. ஆக, காசு நல்ல காரியத்துக்குப் போகிறது என்ற வாதத்தைக் கேட்ட பிறகுதான் அந்தத் தடை வந்திருக்கிறது. நானா திருப்பித் தந்தது புரியாணியை, அப்பாவை அல்ல.

புத்தரும் பகையைத்தான் முதலில் சொல்கிறார். சிகாலன் என்ற இளைஞனுக்கு அவர் சொன்ன புத்திமதியில் சூதால் வரும் ஆறு கேடுகள் வருகின்றன. வென்றவன் வெறுப்பைச் சம்பாதிக்கிறான் என்பது முதலாவது. தோற்றவனின் புலம்பல் அதற்கு அடுத்துத்தான். சபையில் அவன் பேச்சு எடுபடாது, அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று போகிறது பட்டியல். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவே இல்லை, எல்லாம் ஊர்வாயில் அடிபடும் விஷயங்கள். வள்ளுவரும் தோற்றவனை விட்டுவிட்டு வென்றவனைப் பிடிக்கிறார்: "வேண்டற்க வென்றிடினும் சூதினை." வென்றது, தூண்டில் இரும்பை மீன் விழுங்கியது மாதிரியாம்.

கத்தோலிக்கத் திருச்சபை கொஞ்சம் விட்டுப்பிடிக்கிறது. பந்தயம் தன்னளவில் நீதிக்கு விரோதம் இல்லை, ஒருவருக்கும் அவரை நம்பியிருப்போருக்கும் தேவையானதைப் பறிக்கும்போதுதான் அது தவறு என்கிறது அதன் மறைக்கல்வி நூல். எனக்கு இந்த அளவுகோல் பிடிக்கும். ஆனால் தேவையானது எது என்று முடிவு செய்வது, சீட்டைக் கையில் வைத்திருப்பவரேதான். அங்கேதான் இடிக்கிறது.

"யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, சம்மதித்துத்தானே எடுக்கிறார்கள்?" என்று அப்பா கேட்கக்கூடும். செட்டியார் தெரு நகைக்கடையில் ஒருவர் சங்கிலி வாங்கினால், விற்றவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் திருப்தி. அந்தச் சம்மதம் வேறு. சீட்டு எடுக்கிறவர் சம்மதிப்பது, தோற்கப்போவது மற்றவன் என்ற நம்பிக்கையில். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணிச் செய்வதே வாணிகம் என்கிறது இன்னொரு குறள். அதை வைத்துப் பார்த்தால் நேர்மையான லாபம் எது என்பதில் பெரிய குழப்பம் இல்லை.

எனக்குள்ள கோபம் அப்பாமேல் அல்ல, ஆட்டத்தை நடத்துகிறவர்கள்மேல். அர்த்தசாஸ்திரத்திலேயே சூதாட்டத்துக்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார், வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. இங்கே இலங்கையில் 1963இன் நிதிச் சட்டத்தோடு தேசிய லொத்தர் சபை வந்தது. அபிவிருத்தி லொத்தர் சபையின் காசு ஜனாதிபதி நிதியத்துக்குப் போகிறது. அந்த நிதியத்தால் சத்திரசிகிச்சைக்கு உதவி பெற்றவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை நிரப்புவது யார்? அந்தச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆட்டோக்காரர், மூட்டை தூக்கும் நாட்டாமை வேலைக்குப் போகிறவர், லக்ன வாசனா என்ற ராசிச் சீட்டில் தன் ராசியைத் தேடித் தேடி எடுக்கும் பென்சன்காரர். கார்க் கண்ணாடியை இறக்கி வாங்குகிறவர்கள் குறைவு. மத நூல்கள் ஆடுகிறவனைத் திட்டிய அளவுக்கு ஆடவைப்பவனைத் திட்டவில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

அப்பாவின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 120 ரூபா, வருடத்துக்கு 43,800. ஒரு லட்சம் என்பது ஏறக்குறைய இரண்டே கால் வருடத்துச் சீட்டுக் காசு. அவர் அதற்கு முன்பிருந்தே எடுத்து வருபவர் என்றால், விழுந்தது அவருடைய சொந்தக் காசுதான், அதுவும் முழுதாக அல்ல. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், பாவம் பற்றிய பயம் கொஞ்சம் குறையும். அன்னதானம் செய்யட்டும், நல்லதுதான். கழுவி எடுக்கிற காரியமாக மட்டும் செய்ய வேண்டாம். வீட்டில் கடன், அடகு ஏதும் இருந்தால் முதலில் அது.

ரெஃபிள் புத்தகத்துக்கு வருகிறேன். பெரிய பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் அதை நீட்டினால் அவரால் மறுக்க முடியாது, நானாவைப் போன்றவர் தர்மசங்கடப்படுவார். நான் என்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, முடிந்த தொகையை நன்கொடை என்று எழுதச் சொல்லுவேன். ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.