அயோவாவில் மகள் மல்யுத்தம் பழக ஆசைப்பட்டால்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி மல்யுத்த அணியில் சேர வேண்டும் என்கிறாள். அவள் அப்பா "பார்க்கலாம்" என்று நழுவுகிறார். உங்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை. படிப்பு கெட்டுவிடுமா என்றும், இதை வைத்துக் கல்லூரி ஸ்காலர்ஷிப் வாங்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படிப்பு கெடாது, சேர விடுங்கள். ஸ்காலர்ஷிப்பை மட்டும் நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

நீங்கள் அயோவாவின் தலைநகரான டிமோயினுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்பதால், அந்த மாநிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகுகளில் ஆடும் அணி ஒன்றுகூட அயோவாவில் இல்லை. அதனால் ஊர்க்காரர்களின் மனசு முழுக்கப் பள்ளி அணிகளிலும் கல்லூரி அணிகளிலும்தான். சிற்றூர்களின் எல்லையில் காரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அந்த ஊர்ப் பள்ளி எந்த ஆண்டு எந்த விளையாட்டில் மாநிலப் பட்டம் வென்றது என்று பலகை வைத்திருப்பார்கள். அதிலும் மல்யுத்தம் என்றால் தனி மரியாதை. 2015-இல் அயோவா சிட்டியின் கினிக் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் அயோவா பல்கலைக்கழகமும் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதிய ஒரே ஒரு கல்லூரி மல்யுத்தப் போட்டிக்கு 42,287 பேர் வந்தார்கள். வாட்டர்லூவில் பிறந்த டான் கேபிள் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றார். பிறகு பயிற்சியாளராக இருந்து அயோவா பல்கலைக்கழகத்துக்கு 15 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரியும்.

"பெண் பிள்ளைக்கு இது தேவையா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கே இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். பெண்களுக்கான மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1920-இலேயே டிரேக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. சில ஆண்டுகள் கழித்து, பெண்கள் போட்டிகளில் ஆடுவது சரியல்ல என்று ஒரு கருத்து கிளம்பியபோது, சிறிய ஊர்ப் பள்ளிக்காரர்கள் பிரிந்துபோய்ப் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. அணிக்கு ஆறு பேர் ஆடும் பழைய பாணிக் கூடைப்பந்தை 1993 வரை வைத்திருந்தார்கள். பாதி ஆடுகளத்தில் தாக்கும் மூவர், மறு பாதியில் தடுக்கும் மூவர், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இன்று பாட்டிகளாக இருக்கும் பலர் அதை ஆடியவர்கள்தான். டிமோயினில் பிறந்த கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் 2023 அக்டோபரில் கினிக் மைதானத்தில் ஆடியபோது 55,646 பேர் கூடியது ஒரே நாளில் நடந்த அதிசயம் அல்ல. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நான்கு தலைமுறைப் பழக்கம் இருக்கிறது.

பெண்கள் மல்யுத்தத்தை அந்தச் சங்கம் 2022-23 பருவத்திலிருந்து அதிகாரபூர்வ விளையாட்டாக நடத்துகிறது. பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) கல்லூரிகளில் பெண்கள் மல்யுத்த அணியை முதலில் அறிவித்ததும் அயோவா பல்கலைக்கழகம்தான். 2025 ஜனவரியில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதைத் தன் 91-ஆவது சாம்பியன்ஷிப்பாக ஏற்றுக்கொண்டது. ஆக, கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது. மகள் சரியான நேரத்தில்தான் கேட்கிறாள்.

சரி, படிப்புக்கு வருவோம். நார்மன் போர்லாக் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பசுமைப் புரட்சிக்காக 1970-இல் அமைதி நோபல் பெற்றவர். அயோவாவின் கிரெஸ்கோ ஊர்ப் பள்ளியில் மல்யுத்தம் பழகி, மினசோட்டா பல்கலைக்கழகத்திலும் மல்யுத்தம் ஆடிக்கொண்டே படித்தவர் அவர். தேசிய மல்யுத்த புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இருக்கிறது. நம் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். போர்லாக் தொடங்கிய உலக உணவுப் பரிசு 1987-இல் முதன்முதலாகச் சுவாமிநாதனுக்குத்தான் போனது. அந்தப் பரிசின் தலைமையகம் நீங்கள் இருக்கும் டிமோயினில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மகளை அங்கே அழைத்துப் போங்கள். அவளோடு உங்களுக்கும் அது தேவை.

போட்டிப் பருவம் ஏறக்குறைய நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி தொடக்கத்தில் முடியும். அந்த மாதங்களில் மாலை நேரம் போகும், உண்மைதான். ஆனால் ஒரு பாடத்தில் தோற்றால்கூடக் குறிப்பிட்ட காலம் போட்டியில் இறங்க முடியாது என்பது அந்த மாநிலத்து விதி. அதனால் மார்க்கைப் பற்றி உங்களை விடக் கோச்சுக்குக் கவலை இருக்கும். சாஃப்ட்பால் என்று சொல்லியிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். அயோவாவில் பள்ளி சாஃப்ட்பாலைக் கோடையில் ஆடுவார்கள், அது கோடைகாலப் பயிற்சி வகுப்புகளோடு மோதும். மல்யுத்தத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று. இந்த விளையாட்டில் தோற்றால் தனியாகத் தோற்க வேண்டும். பழி போட அணித் தோழி கிடையாது. டான் கேபிளே பள்ளி, கல்லூரி இரண்டும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான் தோற்றார், அதுவும் 1970-இல் தன் கடைசிக் கல்லூரிப் போட்டியில், அத்தனை பேர் முன்னால். இரண்டே வருடத்தில் ஒலிம்பிக் தங்கத்தோடு வந்தார். பதினைந்து வயதில் இதைப் பழகிய பிள்ளை, கல்லூரியில் முதல் சி கிரேடு வரும்போது உடைந்துபோகாது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளில் அதிகம் தடுமாறுவது அதுவரை எதிலும் தோற்றே பழகாதவர்கள்தான்.

இப்போது பணக் கணக்கு. இதில் கறாராக இருக்க விரும்புகிறேன். என்.சி.ஏ.ஏ.-வின் மேல்மட்டமான டிவிஷன் ஒன் கல்லூரிகளில் ஆண்கள் மல்யுத்த அணி முழுக்கச் சேர்த்து நீண்ட காலம் 9.9 முழு ஸ்காலர்ஷிப்புக்கான தொகைதான். அதை முப்பது பேர் வரை பிரித்துக்கொள்வார்கள். 2025-இல் விதிகள் மாறின. அதற்காக எல்லாக் கல்லூரியும் எல்லாருக்கும் முழுத் தொகை தரப்போவதில்லை. கிரின்னெல், வார்ட்பர்க் போன்ற டிவிஷன் த்ரீ கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மதிப்பெண்ணுக்கும் குடும்பத் தேவைக்கும்தான் உதவித்தொகை. பல பிள்ளைகளுக்கு அந்த வழியில்தான் அதிகப் பணம் கிடைக்கிறது. அதனால் கணக்குப் பாடத்தில் அவள் எடுக்கும் ஏ, மல்யுத்தப் பதக்கத்தை விட உங்கள் பையைக் காப்பாற்றும்.

உங்கள் மகள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசாவில் இருக்கிறாள் என்றீர்கள். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி அவளுக்குக் கிடைக்காது. அவளால் சம்பாதிக்கவும் முடியாது. பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கும் புது வழக்கத்தில் ஒரு வக்கீலைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் இப்போதே திட்டத்தில் வையுங்கள். கல்லூரி நேரடியாகத் தரும் ஸ்காலர்ஷிப்புக்கு விசா ஒரு தடையல்ல.

டிவிஷன் ஒன் கனவு உண்மையிலேயே இருந்தால், என்.சி.ஏ.ஏ. ஏற்கும் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். அதில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.3-க்குக் குறையக் கூடாது. பள்ளி ஆலோசகரிடம் அவளுடைய பாடப் பட்டியலை இந்த மாதமே காட்டுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் விழித்துக்கொண்டால் சரிசெய்ய நேரம் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. எடை. போட்டி நாளில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நகம் வெட்டியிருக்கிறதா, தோலில் படர்தாமரை இருக்கிறதா என்று ஒருவர் பார்ப்பார், அப்புறம் எடை மேடை. அந்த மேடைக்காகப் பட்டினி கிடக்கும் பழக்கம்தான் இந்த விளையாட்டின் பழைய நோய். பள்ளி விளையாட்டு விதிகள் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. பருவத் தொடக்கத்தில் உடலில் நீர்ச்சத்தைச் சோதித்து, பெண்களுக்குக் கொழுப்பு 12 சதவீதத்துக்குக் கீழே போகாத அளவில் குறைந்தபட்ச எடையைக் குறித்துக் கொடுப்பார்கள். வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் எடை குறைக்கக் கூடாது. ஆனாலும் விதி வீட்டுக்குள் வந்து பார்க்காது. நீங்கள் சைவம் என்கிறீர்கள். பருப்பு, பனீர், தயிர், சுண்டல், முளைகட்டிய பயறு எல்லாம் தட்டில் இருக்கட்டும். இரும்புச்சத்தை டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவள் தோசையைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீரையும் குறைப்பது தெரிந்தால், அன்றைக்கே கோச்சைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

விளையாட்டை ஒட்டிய தொழில்களைப் பற்றி இப்போது அதிகம் யோசிக்க வேண்டாம். பிசியோதெரபி, அத்லெடிக் டிரெயினர் வேலை, விளையாட்டுப் புள்ளிவிவரம் என்று வழிகள் இருக்கின்றன. மைதானப் புல் பராமரிப்பைக்கூட அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்துகிறார்கள். பதினொன்றாம் வகுப்பு முடியட்டும், அவளையே என்னோடு பேசச் சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் கோச்சிடம் சிலதைக் கேளுங்கள். பெண்களுக்குத் தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா? பயிற்சியில் யாரோடு மோதவிடுவார்கள்? எடைப் பிரிவை முடிவு செய்வது யார்? தலையில் அடிபட்டால் எப்போது திரும்ப இறக்குவார்கள்? முகம் கொடுத்துப் பதில் சொன்னால் நம்பலாம். காது மடல் தடித்துப்போகாமல் இருக்கத் தலைக்கவசம் கட்டாயம், அதை அவள் அளவுக்குப் பார்த்து வாங்குங்கள். மருத்துவப் பரிசோதனைப் படிவம் இல்லாமல் முதல் நாள் பயிற்சிக்கே விடமாட்டார்கள். அக்டோபரில் டாக்டரிடம் நேரம் கிடைப்பது கஷ்டம், இப்போதே வாங்கி வையுங்கள்.