தியாகத்தில் மகிழ்ச்சி கிடைக்கும் என்பது வெறும் பிரசங்கப் பேச்சா?

கேள்வி நியாயமானது. தன்னை வருத்திக்கொள்பவருக்குச் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

பெல்ஜியத்தில் பிறந்த டேமியன் பாதிரியாரைப் பாருங்கள். ஹவாயின் மொலோக்காய் தீவில் தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்திருந்த குடியிருப்புக்கு 1873-இல் போனார். ஜெபம் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. புண் கழுவிக் கட்டினார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழியும் தோண்டினார். புண்களின் நாற்றம் தாங்காமல் பைப் புகைக்கப் பழகினாராம். (புனிதருக்கும் மூக்கு இருக்கிறதே!) கடைசியில் அந்த நோயே அவரையும் பிடித்தது, 1889-இல் 49 வயதில் இறந்தார்.

நோய் வந்த பிறகும் தன்னை மகிழ்ச்சியான மிஷனரி என்றே கடிதத்தில் எழுதினார். அதற்காக எப்போதும் சிரித்த முகமாக இருந்தார் என்று நினைக்க வேண்டாம். கோபக்காரர், தனிமையில் தவித்தவர். ஒருமுறை கப்பலில் ஏற அனுமதி கிடைக்காததால், படகில் நின்றபடியே மேலே இருந்த குருவிடம் சத்தமாகப் பாவசங்கீர்த்தனம் (தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்தார்!

கிறிஸ்தவம் சொல்லும் மகிழ்ச்சி இந்த வகை. வலியோடு சேர்ந்தே இருக்கும். இயேசுவின் அப்போஸ்தலர் பவுல், சிறையில் இருந்துகொண்டு பிலிப்பி நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதியதும் இதைத்தான்.

இன்னொன்று, டேமியனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயர் கேட்டபோது அவராகவே முன்வந்தார். வீட்டில் ஒருவர் தலையில் மட்டும் எல்லா வேலையையும் கட்டிவிட்டு, 'இது உன் சிலுவை, சந்தோஷமாகச் சும' என்பது வேறு கதை. அது சுரண்டல்.