எம்பி3 ஆக்கினதும் முகவீணை ஏன் கரகரக்குது?

குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, எங்க ஊர் கூத்தை விடிய விடிய ரெக்கார்ட் பண்ணேன், வேவ் ஃபைல் சுத்தமா கீது, சத்தம் பத்தலன்னு நார்மலைஸ் 0ல வெச்சு 128 எம்பி3 ஆக்கினேன், இப்போ முகவீணை (கூத்துல ஊதற சின்ன நாயனம்) உச்சத்துக்குப் போறப்பல்லாம் கரகரன்னு கேக்குது. என்கோடர் சரியில்லையா?"

என்கோடர் (எம்பி3 ஆக்கற சாஃப்ட்வேர்) மேல தப்பில்ல தம்பி, அந்த 0 தான் பிரச்சனை. நார்மலைஸ்னா உச்சி நீங்க சொன்ன அளவுக்கு வர்ற வரைக்கும் மொத்த சத்தத்தையும் ஏத்தறது. டிஜிட்டல்ல 0 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு)ங்கறது கூரை, அதுக்கு மேல எழுத நம்பரே கிடையாது. நீங்க அலையோட உச்சிய கரெக்டா கூரைல முட்ட வெச்சிட்டீங்க. எம்பி3 இன்னா பண்ணுதுன்னா சத்தத்தை அலைவரிசை வாரியா பிரிச்சு, காதுக்குத் தெரியாதத விட்டுட்டு, மிச்சத்த தோராயமா ரவுண்ட் பண்ணி எழுதுது, பிளே பண்றப்ப எல்லாத்தையும் திரும்பக் கூட்டினா காதுக்கு அதே மாதிரி இருக்கும் ஆனா அலையோட வடிவம் அதே இல்ல, சில உச்சி இறங்கியிருக்கும், சிலது 1 டிபி, 2 டிபி கூட ஏறியிருக்கும். ஏறினது 16 பிட்டா வெளிய வர்றப்ப கூரைல வெட்டுப்படுது, அதான் கரகர. பிட்ரேட் (நீங்க வெச்ச 128, ஒரு செகண்டுக்கு எத்தனை கிலோபிட்ங்கறது) குறையக் குறைய இது ஜாஸ்தியாகும். ஏஏசி, ஓபஸ்னு எம்பி3 மாதிரி சுருக்கற ஃபார்மட் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ஒண்ணு கவனிங்க, வெட்டு விழறது பிளே பண்ற இடத்துல, ஃபைலுக்குள்ள இல்ல. அதனால வேவ் அழிஞ்சு போயி எம்பி3 மட்டும் கையில இருந்தாலும் எம்பி3கெயின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அது மறுபடி என்கோட் பண்ணாம ஒவ்வொரு ஃபிரேம்லயும் (ஃபைலோட சின்னத் துண்டு) இருக்கற கெயின் (சத்தம் ஏத்தி இறக்கற) நம்பரை மட்டும் மாத்தும், ஒரு படி 1.5 டிபி. ரெண்டு படி இறக்குங்க, போன உச்சி திரும்ப வந்துடும். உங்ககிட்ட வேவ் இருக்கே, அதை மைனஸ் 1.5க்கு இறக்கிட்டு புதுசா என்கோட் பண்ணுங்க, அதான் நல்லது. 128ன்னா நான் மைனஸ் 2 வெப்பேன். ஐரோப்பிய ஒலிபரப்பு சங்கத்தோட ஆர்128 விதியே ட்ரூ பீக் (அலையோட நிஜமான உச்சி) மைனஸ் 1 தாண்டக்கூடாதுன்னுதான் சொல்லுது. யூடியூப்ல போடறதா இருந்தா அவங்களும் தனியா ஒருவாட்டி என்கோட் பண்ணுவாங்க, அதுக்கும் கூரைக்குக் கீழ இந்த இடம் வேணும்.

ஆனா ரெக்கார்டிங்லயே வெட்டு விழுந்திருந்தா எந்த ஃபார்மட்டும் காப்பாத்தாது. சிரசு திருவிழால ஒருவாட்டி பம்பை எடுக்கறப்ப மிக்சரோட லைன் அவுட்ட ரெக்கார்டரோட மைக் இன்புட்ல சொருகிட்டேன், மீட்டர் மைனஸ் 8 காட்டுது, சந்தோஷமா விட்டுட்டேன், வீட்ல வந்து பெருசு பண்ணிப் பாத்தா ஒவ்வொரு அடியும் மேல தட்டையா சீவின மாதிரி இருக்கு, மீட்டருக்கு முன்னாடி ப்ரீஆம்ப்லயே (மைக் சத்தத்தை முதல்ல பெருசாக்கற இடம்) நசுங்கிடுச்சு. அந்த ராத்திரி திரும்ப வராது, இன்னிக்கும் மனசு ஆறல.

அதனால உங்க வேவையும் ஆடாசிட்டில (ஆடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்) திறந்து முகவீணை இடத்த பெருசு பண்ணிப் பாருங்க. உச்சி கூரா இருந்தா மேல சொன்னதே போதும். தட்டையா இருந்தா அடுத்த கூத்துக்கு லைன் இன்புட், 24 பிட், உச்சி மைனஸ் 12 கிட்ட. சத்தம் கம்மியா தெரியும், பயப்படாதீங்க, 24 பிட்ல பின்னாடி தாராளமா ஏத்திக்கலாம்.