செயின்சா உதைப்பது ஏன், வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: காற்றில் சாய்ந்த தென்னைகளை அறுக்க ஆள் கிடைக்கவில்லை. இணையத்தில் 22 அங்குல பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) பொருத்திய 58 சிசி செயின்சா, அதாவது சங்கிலி ரம்பம், மலிவாகக் கிடைக்கிறது. நானும் என் மகனும் அந்த மெஷினைத் தொட்டதே இல்லை. நுனி பட்டால் உதைக்கும் என்று பக்கத்துத் தோப்புக்காரர் பயமுறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது உண்மை. சங்கிலி பாரின் மேல்புறத்தில் முன்னோக்கி ஓடி, நுனியைச் சுற்றிக் கீழ்ப்புறமாகத் திரும்புகிறது. நுனியின் மேற்பாதி, அறுக்கும் மரத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் வேறொரு கட்டையில் பட்டுப் பல் சிக்கிக்கொண்டால், ஓட்டத்தின் விசை முழுவதும் பாரை மேலும் பின்னுமாக, அறுப்பவரின் முகத்தை நோக்கி வீசிவிடும். சுதாரித்துக் கையை இழுக்க அவகாசம் இருக்காது.

ஆகவே 22 அங்குலம் வேண்டாம். ஓர் அடி பருமனுள்ள தென்னைக்கு 16 அங்குல பார் போதும். அதைவிட நீண்டால், நுனி மரத்துக்கு அப்பால் எங்கே நிற்கிறது என்று புதியவருக்குத் தெரியாது. உதைப்பைக் குறைக்கும் வகைச் சங்கிலியைக் கேட்டு வாங்குங்கள். வேகமாக அறுக்கும் என்று சொல்லி, பல்லுக்கு முன்னாலுள்ள மேட்டை அளவுக்கு மேல் அரம் போட்டுத் தேய்த்துத் தருகிறவர்கள் உண்டு. அந்தச் சங்கிலி கூடுதலாகவே உதைக்கும்.

நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. எஞ்சின் நின்றிருக்கும்போது முன்கைப்பிடிக்கு எதிரேயுள்ள காப்பை முன்னால் தள்ளிவிட்டு (அதுதான் சங்கிலியை நிறுத்தும் பிரேக்), கையுறையணிந்த கையால் சங்கிலியை இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. ஆனாலும் பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் மட்டும் மகனிடம் மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் நாள் பெட்ரோலே ஊற்ற வேண்டாம். நுனியின் மேற்பாதியில் சாக்பீஸால் கோடிட்டு, மெஷினைக் கட்டையருகே பிடிக்கச் செய்து, நுனி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்லுங்கள். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தலையும் உடம்பும் பாருக்கு நேர்கோட்டில் இல்லாமல் சற்று இடப்புறம் விலகி நிற்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தியோ ஏணியில் நின்றோ அறுக்கவே கூடாது. ஸ்டார்ட் செய்யும்போது மெஷின் தரையில், பிரேக் போட்ட நிலையில் இருக்கட்டும். லுங்கியும் செருப்புமாக இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். தலைக்கவசம், முகவலை, சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் கால்காப்பு ஆகியவற்றின் விலையையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

ரசீதையும் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவில் தராததால் தீங்கு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியும். புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.