வழுவைப் பதிந்தேன், பதில் வரவில்லை: டெபியன் கேள்வி பதில்

அண்ணா, டெபியனில் (தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளம்) ஒரு வழுவை, அதாவது நிரல் பிழையை, பதிந்து மூன்று மாதம் ஆகிறது. யாரிடம் புகார் செய்வது? (கல்லூரி மாணவர்)

புகார் வாங்க ஆள் கிடையாது, தம்பி. டெபியனின் சாசனத்திலேயே, திட்டத்துக்காக வேலை செய்யும்படி யாரையும் இது கட்டாயப்படுத்தாது என்று எழுதியிருக்கிறார்கள். ஒப்படைத்த வேலையைக்கூட பிடிக்கவில்லையென்றால் செய்ய வேண்டியதில்லை. முறையாக எடுத்த முடிவுகளுக்கு எதிராக வேலை செய்யக்கூடாது, அவ்வளவுதான். 1993-இல் தொடங்கிய திட்டம் இன்றுவரை இப்படித்தான் ஓடுகிறது.

உங்கள் பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள். பதிப்பு எண் இருக்கிறதா? எதை அழுத்தினால் என்ன ஆகிறது என்று வரிசையாக இருக்கிறதா? பிழைச்செய்தியைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தால் எழுத்தாக மாற்றுங்கள். அப்புறம் மூலநிரலை இறக்கி, எந்த வரியில் சிக்குகிறது என்று தேடுங்கள். ஒட்டுநிரலோடு (பிழையைத் திருத்தும் சிறு நிரல் மாற்றம்) வரும் வழுவுக்குப் பதில் சீக்கிரம் வரும்.

எனக்கு நிரல் எழுதவே தெரியாது, சார். (கணக்காளர்)

அதே வழு உங்களுக்கும் வருகிறது என்று உறுதிசெய்வதே பெரிய உதவி. நிரல் காட்டும் செய்திகளைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பு வேலையும் இருக்கிறது. நான் முதலில் அனுப்பிய கோப்பில், கோப்புப்பெயர் வந்து உட்கார வேண்டிய இடக்குறியை ஒரு வரியில் விட்டுவிட்டேன். சோதனையில் பிடிபட்டது, நல்லவேளை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இடக்குறிகளின் வரிசை அடிக்கடி மாறும், கவனம். ஆனால் ஒரு விஷயத்தில் நமக்கு வசதி: ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையையும் விடுதலையையும் குறித்துக் குழப்பும். நமக்கு இலவசம் வேறு, கட்டற்ற வேறு.

பராமரிப்பவர் சோர்ந்துபோனால் என்ன ஆகும்? (சிஸ்டம் அட்மின்)

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வரும். 'இந்தப் பொதியை இனி என்னால் பார்க்க முடியாது' என்று அறிவித்துவிடலாம். அது அநாதைப் பொதிகளின் பட்டியலில் சேரும், விருப்பமுள்ளவர் தத்தெடுப்பார். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெளியே சொல்லாமல் தனியாக இழுத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

எக்ஸ்-இசட் சுருக்க நிரலில் நடந்தது அதுதான். ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் பார்த்துவந்தார். மனநலச் சிக்கல் இருப்பதாக அவரே சொன்ன பிறகும், முகம் தெரியாதவர்கள் 'ஏன் தாமதம்' என்று நெருக்கினார்கள். உதவ வந்த 'ஜியா டான்' என்ற பெயர் இரண்டு வருடத்துக்கும் மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024-இல் கள்ளக்கதவைச் (அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைய வைக்கும் ரகசிய வழி) செருகியது.

அதைப் பிடித்தது யார்? பாதுகாப்புத் துறை ஆள்கூட இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட். டெபியனின் 'அன்ஸ்டேபிள்' (இன்னும் நிலைப்படாத) பதிப்பில் தொலைவிலிருந்து உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆனது. நம்மில் பலர் நெட்வொர்க்கைத் திட்டிவிட்டு நகர்ந்திருப்போம். அவர் தோண்டினார். மூலநிரல் திறந்து கிடந்ததால் தோண்ட முடிந்தது.

கம்பெனிகள் சம்பாதிக்கின்றன, நாம் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்?

நியாயமான கோபம். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளுக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது. கேட்டால் காசு கொடுக்கட்டும். கொடுக்காத கம்பெனிக்காக இரவு கண்விழிக்க வேண்டாம்.

சந்தேகம் கேட்டால் 'கையேட்டைப் படி' என்கிறார்களே?

எனக்கும் பிடிக்காது. எந்தப் பக்கம் என்று சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நீங்களும் என்னென்ன முயன்று பார்த்தீர்கள் என்று எழுதிவிட்டுக் கேளுங்கள்.

சரி, இன்றே தொடங்க வேண்டும் என்றால்?

'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்றே ஒரு பொதி இருக்கிறது. நிறுவி ஓட்டினால், உங்கள் கணினியில் இருப்பவற்றில் எவை அநாதையாக நிற்கின்றன என்று காட்டும். தினமும் பயன்படுத்தும் ஒன்று அதில் இருந்தால் அதன் வழுக்களைப் படித்துப் பாருங்கள். முதல் வாரம் படித்தால் போதும், எதையும் தத்தெடுக்க வேண்டாம்.