பஞ்சாரத்துக்கு அடியில் பெருச்சாளி

கேள்வி: ஐயா, வணக்கம். கொல்லையில் 14 நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு கோழி 11 குஞ்சு பொரித்தது. ராத்திரி தாயோடு சேர்த்துப் பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்து, மேலே கல்லும் தூக்கி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். அப்படியும் ஒரே வாரத்தில் 6 குஞ்சைக் காணோம். காலையில் பஞ்சாரத்துக்கு அடியில் மண் பறித்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் கீரி என்கிறார்கள், மாமியார் பாம்பு என்கிறார். எலி கேக் வாங்கி வைக்கலாமா?
- ஒரு வாசகி, திருவையாறு

பதில்: பாம்பு மண் பறிக்காதும்மா. கீரி பெரும்பாலும் பகலில் நடமாடுகிற பிராணி. ராத்திரியில் அடியில் தோண்டி, குஞ்சை இழுத்துக்கொண்டு போய், இறகுகூட மிச்சம் வைக்கவில்லை என்றால் அது பெருச்சாளிதான். விறகு அடுக்கு, மட்டைக் குவியல், வேலி ஓரம் எல்லாம் பாருங்கள், புது மண் தள்ளிய வளை எங்காவது இருக்கும். சாயங்காலம் எல்லா வளைவாயையும் ஈர மண்ணால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் குடித்தனம் நடக்கிறது.

எலி கேக் வேண்டாம். அது ரத்தம் உறையாமல் செய்கிற விஷம், தின்ற எலி உடனே சாகாது, மூன்று நான்கு நாள் தள்ளாடிக்கொண்டு திரிந்து எங்காவது வெட்டவெளியில் விழும். கோழி சும்மா இருக்குமா? சுண்டெலியை உயிரோடு கொத்தித் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஜாதி அது. நான் கோழி வளர்க்க ஆரம்பித்த புதிதில் கேக் வைத்து, ஒரு நல்ல சேவலைப் பறிகொடுத்தேன், எலி என்னவோ அப்படியே இருந்தது. எலி பேஸ்ட் இன்னும் மோசம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலைக் கெடுத்துவிடும், அதற்கு முறிமருந்து கிடையாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் குஞ்சைப் பற்றி, கல்லைப் பற்றி, மாமியாரைப் பற்றியெல்லாம் இருக்கிறது, தீவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெருச்சாளி முதலில் உங்கள் குஞ்சைத் தேடி வரவில்லை, ராத்திரி கொல்லையில் சிந்திக் கிடந்த குருணைக்கும் கம்புக்கும்தான் வந்தது, வந்த இடத்தில் குஞ்சும் கிடைத்தது. ஓர் எலி ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிராம்போலத் தின்னும். நான்கு எலி இருந்தால் ஒரு கோழிக்கான தீவனம் போச்சு. தின்பதைவிட மூத்திரம் பெய்து கெடுப்பது அதிகம். அதனால் கோழி அரை மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள், பொழுது சாய்வதற்குள் தீவனத் தட்டு, தண்ணீர்ச் சட்டி எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும், சிந்தியதைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். மூட்டையைச் சுவரில் சாய்த்து வைக்காமல் மூடி போட்ட தகர டின்னில் கொட்டி வையுங்கள், பிளாஸ்டிக் டப்பாவை ஒரே ராத்திரியில் குடைந்துவிடும். இதைச் செய்யாமல் எத்தனை எலி பிடித்தாலும் பிரயோஜனம் இல்லை. உங்கள் கோழி அடை உட்காருகிற அந்த 21 நாளை ஒட்டியே எலியும் சினைப்பட்டுக் குட்டி போட்டுவிடும், அதுவும் ஒன்றிரண்டா, ஆறு எட்டு.

அடுத்து பஞ்சாரம். சில ஊர்களில் கொடாப்பு என்பார்கள். பகலில் காக்கை, பருந்துக்கு அதுபோல நல்ல பாதுகாப்பு கிடையாது, ஆனால் வெறும் மண்ணில் கவிழ்த்தால் அடியில் தோண்டுவதைத் தடுக்காது, மேலே மலையையே தூக்கி வைத்தாலும் சரி. சிமெண்டுத் தரையிலோ கடப்பைக் கல் பரப்பிய இடத்திலோ கவிழ்த்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும். கூண்டு செய்வதாக இருந்தால் ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் கால் வைத்துச் செய்து, ஒவ்வொரு காலிலும் வழவழப்பான தகரம் சுற்றிவிடுங்கள். வலை வாங்கும்போது கடையில் கோழி வலை என்று கொடுக்கிற அறுகோணக் கண் வலையை வாங்கி ஏமாறாதீர்கள், அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், எலி உள்ளே வராமல் இருக்க இல்லை. அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலையாகக் கேளுங்கள்.

பொறி கடைசியில்தான். பெருச்சாளிக்குச் சின்ன மரப்பொறி பற்றாது, பெரிய இரும்புக் கூண்டு வேண்டும். எலி புதுப் பொருளைக் கண்டால் இரண்டு மூன்று நாள் கிட்டே வராது, அதனால் கதவு விழாதபடி கட்டிவிட்டு நான்கு நாள் சும்மா இரை வைத்துப் பழக்குங்கள், ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்துவிடுங்கள். இரைக்குக் கருவாடோ, சுட்ட தேங்காய்ச் சில்லோ. மசால் வடைக்கும் மரியாதை குறையவில்லை. வயலில் வைக்கிற மூங்கில் வில் பொறியான தஞ்சாவூர்க் கிட்டி உங்கள் ஊரில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கோழி மேய்கிற கொல்லையில் அதை வைக்காதீர்கள். ஒட்டு அட்டையும் அப்படித்தான், விடிகாலையில் குஞ்சுதான் முதலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: எலிக்காகப் பூனை வளர்க்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: சுண்டெலிக்குச் சரி. நன்றாக வளர்ந்த பெருச்சாளியைப் பார்த்தால் பல பூனைகள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும். அப்புறம், குஞ்சு இருக்கும்போது பூனையையும் காவல் காக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: சுவரில் செருகினால் சத்தம் போட்டு எலியை விரட்டும் கருவி, பூண்டுத் தண்ணீர், அந்துருண்டை, இதில் எது நல்லது?
- வாசகி, தேனி

பதில்: எதுவும் இல்லை. கருவிச் சத்தம் எலிக்குச் சில நாளில் பழகிவிடும், பூண்டு வாடை அடுத்த நாளே போய்விடும், அந்துருண்டை விஷம், கோழி கொத்தும். அந்தக் காசுக்கு ஒரு தகர டின் வாங்குங்கள். இன்னொன்று, எலி நடமாடிய கூண்டை வெறுங்காலோடும் வெறுங்கையோடும் கழுவாதீர்கள். எலி மூத்திரம் கலந்த ஈரத்தில் இருந்து எலிக்காய்ச்சல் வரும், காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலே போதும். செருப்பு பற்றாது, பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கையுறையும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால் மருத்துவரிடம் எலிக் கூண்டு கழுவியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.