கண்ணாடிக்குள் அம்மன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகள் எங்களை ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். ஐம்பொன் அம்மன் சிலை ஒன்றைப் பார்த்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மகளுக்குச் சங்கடம். எனக்கோ, பூசையில் இருக்க வேண்டிய சாமி இப்படி நிற்கிறதே என்று மனசு ஆறவில்லை. வேறொரு அறை முழுக்கச் சீனக் கிண்ணங்கள், தாண்டி வந்துவிட்டோம். நமக்கு, அதுவும் கொங்கு நாட்டுக்காரனுக்கு, அங்கே பார்க்க என்னதான் இருக்குதுங்க?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஐயா,

அம்மா கும்பிட்டதில் எந்தத் தப்பும் இல்லை. கும்பிடுவதற்காகவே வார்க்கப்பட்ட திருமேனி அது. மகளிடமும் சொல்லுங்கள்.

கும்பிட்டு முடித்து, சுற்றி வந்து பார்த்தீர்களா? கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையுமாகத்தான் பார்க்கிறோம். முகம் தெரிந்தாலே பெரிது. முதுகைப் பார்க்க அங்கேதான் வாய்க்கும். தலைக்குப் பின்னால் தாமரையாக விரிந்த சிரச்சக்கரம், தோளில் இழை இழையாக விழும் சுருள்முடி, இடையணியின் முடிச்சு. பக்தர் கண்ணில் படாது என்று தெரிந்தும் ஸ்தபதி மெழுகில் அத்தனையையும் இழைத்திருக்கிறார். அந்த மெழுகின் மேல் மண் பூசிச் செய்த அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் ஒற்றைப் பிறவி. பீடத்தில் துளையோ வளையமோ இருந்தால் கவனியுங்கள். வீதியுலாவுக்குத் தண்டு கோக்கவும் கயிறு கட்டவும் வைத்தவை அவை.

உங்கள் மனசு ஆறாததும் நியாயம்தான். இதே அருங்காட்சியகம் 2007-ல் வாங்கிய உமா பரமேஸ்வரி, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருடுபோனவள். 2015-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அதே கோயில் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு 2014-ல் திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையம் கோயிலிலேயே முன்பு எடுத்து வைத்திருந்த படங்கள்தான் அடையாளம் காட்டின. அதனால், பெயர்ப்பலகையில் நூற்றாண்டை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். எந்த வருஷம், யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். அப்படியே, உங்கள் ஊர்க் கோயில் உற்சவர்களுக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

சரி, கிண்ணங்கள். அவற்றைத் தாண்டி வந்ததில்தான் எனக்கு வருத்தம். சீனாவிலிருந்து மேற்கே கிளம்பி, இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய கப்பலின் சரக்கு அது. பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த கப்பல். 1998-ல் கண்டுபிடித்தபோது உள்ளே 60,000-க்கு மேல் பாண்டங்கள், பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா என்ற ஊர்ச் சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். ஒன்றில் 826-ஆம் ஆண்டுக்குரிய தேதி இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், விளிம்பில் நான்கு இடத்தில் பழுப்பு தோய்த்து, நடுவில் நாலைந்து தீற்றலில் ஒரு பறவையோ மீனோ மேகமோ வரைந்திருப்பார்கள். மேற்கத்திய வாடிக்கையாளர் ரசனைக்காக அரபு எழுத்துப் போலக் கிறுக்கியவையும் உண்டு. சைஸ் ஒன்றுதான், ஆனால் ஒரு பறவை இன்னொன்றாக இருக்காது. பையர் கேட்ட டிசைனைப் போட்டு, ஷிப்மென்ட் தேதிக்கு ஓடுகிற உங்களுக்கு அந்தச் சூளைக்காரர்களைப் புரியாமலா போகும்?

கொங்கு நாட்டுக்கு என்ன என்கிறீர்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். ரோமானியர் காலத்திலேயே அங்கே இரும்பு உருக்கினார்கள். ஸ்படிகம், பெரில் என்கிற பச்சைக்கல், சூதுபவளம் என்கிற செந்நிறக் கல் எல்லாம் அறுத்து மணி கோத்தார்கள். துளை போடாமல் பாதியில் விட்ட மணிகளும் அகழாய்வில் கிடைத்தன. சூதுபவளக் கல் நம் மண்ணில் கிடையாது, குஜராத் பக்கமிருந்து வர வேண்டும். மூலப்பொருளை வெளியிலிருந்து வாங்கி, வேலைப்பாடு செய்து விற்ற ஊர் உங்கள் வீட்டுக்குக் கிட்டவே இருந்திருக்கிறது. சாங்ஷா கிண்ணங்களுக்குப் பல நூறு வருஷம் முந்தைய கதை இது.

மகள் லீவுக்கு வரும்போது ஒரு நாள் கொடுமணலுக்குக் கூட்டிப்போங்கள். அப்புறம் சிங்கப்பூர் போனால் கிண்ண அறையில் ஆரம்பியுங்கள், ஒரு மணி நேரமாவது ஒதுக்கி.